மூன்று மாதம் கழித்து வரவும்

ஜனவரி 9

ஊமைக்கோட்டானுக்கு,

போன் பண்ணினா உன் வாயிலிருந்து மூணு வார்த்தைதான் வருது. "ம்", "ம்ம்", "சரிக்கா". அதுக்கு நான் சுவத்தோட பேசிக்கலாம், சுவராவது எதிரொலிக்கும். ஆனா எழுத உக்காந்தா நீ பக்கம் பக்கமா எழுதுவே. பள்ளிக்கூடத்துல உன் கட்டுரை நோட்டைப் பார்த்து டீச்சரே பயந்தாங்க. அதனால இனிமே போன் கிடையாது, கடுதாசிதான். நான் எழுதுறதுல தப்பு இருந்தா திருத்தாதே. திருத்துனா அடுத்த வாட்டி இன்னும் அதிகமா தப்பு விடுவேன்.

அம்மா நல்லா இருக்காங்க. பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. முதல் நாளே அம்மா போய், "எங்க சின்னவ பட்டதாரி, ஆஸ்பத்திரியில வேலை"ன்னு சொல்லியாச்சு. என்ன வேலைன்னு அவங்க கேட்டிருக்காங்க. அம்மா கொஞ்சம் யோசிச்சு, "உக்காந்து பார்க்குற வேலை"ன்னாங்களாம். நம்ம குடும்பத்துல அதுதான் பெரிய பதவி.

என் கதையைக் கேளு. வேனோட இடது பக்கக் கண்ணாடி மறுபடியும் போச்சு. இது மூணாவது. பள்ளிக்கூட வாசல்ல ஒரு தூண் இருக்குல்ல, அது வர வர என் பக்கமா நகர்ந்து வருது. கேட்காரர் என்னடான்னா, "ஆமாம்மா, அதுக்குக் கால் முளைச்சிருக்கு, நானே பார்த்தேன்"ங்கிறார். பதினோரு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டினவ நான். என்னைப் பார்த்து ஒரு தூண் சிரிக்குது.

எனக்குப் பின் சீட்டுல ஒண்ணாங்கிளாஸ் குட்டி ஒருத்தி உக்காருவா. எதைச் சொன்னாலும் "ஏன்?"னு கேட்பா, அதனால அதுவே அவ பேராயிடுச்சு. நேத்து கேக்குறா, "வேன் அக்கா, ஏன் கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்குறீங்க?" அவ்வளவுதான், பதினாலு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் கொக்கரிச்சுக்கிட்டே வந்தாங்க.

கண்ணுல கோளாறுன்னு நினைச்சுடாதே. தூரத்து போர்டையெல்லாம் சின்ன எழுத்து வரைக்கும் படிக்கிறேன். அதான் நீயே அன்னைக்கு டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசி, ஒண்ணுமில்லைன்னு கேட்டுச் சொல்லிட்டியே.

பதில் போடு. "ம்"னு மட்டும் எழுதி அனுப்பாதே.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம். அறையில் என்னோடு இருக்கும் பெண் நல்லவள், அவளும் அதிகம் பேசுவதில்லை. நாங்கள் இருவரும் ஒருநாள் முழுக்க ஒரு வாளியைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறோம்.

அம்மா சொன்னது சரிதான், உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. பழைய நோயாளிகளின் அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அதில் இருப்பதைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். டாக்டர்களின் கையெழுத்து முதலில் புரியவில்லை. இப்போது பழகிவிட்டது.

அக்கா, சில விஷயம் கேட்கிறேன், கோபப்படாதே. உடைந்த மூன்று கண்ணாடியும் இடது பக்கத்துக் கண்ணாடிதானா? தூண் எந்தப் பக்கம்? அன்றைக்குக் கொடுத்த சொட்டு மருந்தை இப்போதும் போடுகிறாயா? அந்த டாக்டர் கொடுத்த அட்டை இருக்கிறதா?

இன்னொன்று. உன் கடிதத்தில் சில வரிகளின் முதல் எழுத்து காகிதத்துக்கு வெளியே போயிருக்கிறது. மேஜையில் எழுதியிருப்பாய் போல.

சீக்கிரம் பதில் எழுது.

தங்கை


ஜனவரி 25

ஊமைக்கோட்டானுக்கு,

என்னடி இது, கடுதாசியா, விசாரணைக் கமிஷனா? எழுத்து காகிதத்தை விட்டு வெளியே போச்சாம். திருத்தாதேன்னு சொன்னா நீ ஓரத்தை அளக்குறே.

சரி, கேட்டதுக்குப் பதில். கண்ணாடி மூணும் இடதுதான். தூண் இடது பக்கம். போன வாரம் ஒரு சைக்கிள்காரர் ஜன்னலைத் தட்டித் திட்டிட்டுப் போனார், அவரும் இடது பக்கந்தான். அவர் எப்ப வந்தார்னே எனக்குத் தெரியல. வானத்துல இருந்து குதிச்ச மாதிரி இருந்துச்சு.

சொட்டு மருந்தா? பாட்டில் முடியற வரைக்கும் போட்டா போதும்னு நீதானே சொன்னே? ஒரு சொட்டு மிச்சமில்லாம போட்டு முடிச்சேன். அது ஆச்சு ஒன்றரை வருஷம். மறந்துட்டியா? அட்டை வேன் காகிதங்களோட எங்கேயோ கிடக்கும்.

சாப்பிடும்போது தண்ணி டம்ளரைத் தட்டிவிட்டேன், ரெண்டு தடவை. அம்மா சொல்றாங்க, "கண்ணு பிடரியில இருக்கா உனக்கு?" நான் சொன்னேன், "பிடரியில இருந்தாத்தான் தேவலை, டிரைவருக்கு ரொம்ப உதவும்."

நீ ஏன் இதெல்லாம் கேக்குறே? பாரு, நானும் "ஏன்" ஆயிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்க மாட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

உன்னை முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்து முடித்ததும் வேனை ஓட்டாதே. நாளைக் காலையிலிருந்து ஓட்டாதே. பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போ. காரணத்தைச் சொல்கிறேன்.

அன்றைக்கு டாக்டர் அறையில், "உங்களில் படித்தவர் யார்?" என்று அவர் கேட்டார். நீ என்னைக் காட்டினாய். "தங்கச்சி பட்டதாரி." நீ அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் உடனே நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு உன்னை அவர் பார்க்கவே இல்லை. இங்கிலீஷில், வேகமாக, மேஜையில் இருந்த பிளாஸ்டிக் கண்ணை உருட்டிக்கொண்டே பேசினார். அந்தக் கண்ணின் முன்பக்க மூடி கழன்று ஆடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

எனக்குத் தனித்தனிச் சொற்கள் கேட்டன. அழுத்தம். பக்கம். நரம்பு. மூன்று மாதம். நடுவில் ஒரு பெரிய சொல், நோயின் பெயர், நான் அதுவரை கேட்டதே இல்லை. சொற்கள் சேர்ந்து ஒரு வாக்கியமாக ஆகவில்லை. "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். நான் மூன்று முறை "யெஸ்" சொன்னேன். கடைசியில் "தேங்க்யூ" சொன்னேன்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய், "என்னடி சொன்னார்?" கீழே இறங்கப் பதினேழு படிகள். அந்தப் பதினேழு படிக்குள் நான் பதிலைத் தயார் செய்தேன். "கொஞ்சம் அழுத்தம் இருக்காம். பயப்பட ஒண்ணுமில்ல. இந்தப் பாட்டில் முடியற வரைக்கும் போட்டா போதும். தொந்தரவு இருந்தா வரச் சொன்னார்." இதில் ஒரு வாக்கியம்கூட டாக்டர் சொன்னதில்லை. எல்லாம் நான் செய்தது. காய்ச்சலுக்குச் சொல்வது போலச் சொன்னேன், அக்கா. எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் அதுதான்.

வாசலில் காத்திருந்த அம்மாவிடம் நீ சொன்னாய், "டாக்டரும் இவளும் இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டாங்கம்மா, நான் பொம்மை மாதிரி உக்காந்திருந்தேன்." அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? அந்தப் பெயரைக் கேட்ட மாதிரி எழுதி அகராதியில் தேடினேன். தப்பாகக் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றதும் மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

எங்கள் அறையில் ஒரு தனித் தட்டு இருக்கிறது. ஒருமுறை வந்து, அப்புறம் வராமலே போனவர்களின் அட்டைகளை அதில் போடுவோம். டிசம்பரில் அந்தத் தட்டில் ஓர் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். கிளாக்கோமா. கீழே "மூன்று மாதம் கழித்து வரவும்" என்றிருந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை, வெறும் கட்டங்கள். எங்கள் நர்ஸம்மாவிடம் யாருக்கோ என்பது போலக் கேட்டேன். அவர் சொன்னார்: வலிக்காது, சிவக்காது, நேரே பார்ப்பது கடைசி வரை நன்றாகவே தெரியும். ஓரங்கள்தான் முதலில் போகும். போனது திரும்பாது. ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து, சொன்ன தேதிக்குச் சொன்னபடி வந்து அளந்து பார்க்க வேண்டும். "தொந்தரவு இருந்தா வரலாம்னு நினைக்கிறவங்கதான் பார்வையைத் தொலைச்சிட்டு வருவாங்க" என்றார்.

டிசம்பரிலேயே தெரிந்தும் நான் உனக்குச் சொல்லவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் உன் தூணும் கண்ணாடியும் கடிதத்தில் வந்தன. அதன் பிறகும் உடனே சொல்லாமல் கேள்வி கேட்டு ஒரு கடிதம் போட்டேன். இல்லை என்று நீ எழுதிவிட மாட்டாயா என்று.

நான் படித்தது உன் வேன் ஓடிய ஓட்டத்தில். அந்தப் படிப்பைக் காட்டி நான் உனக்குச் செய்தது இது.

ஓட்டாதே, அக்கா. உன் இடது பக்கத்தில்தான் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள்.

தங்கை


பிப்ரவரி 8

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போதைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் திட்டு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ எழுத்துத் தமிழில் எழுதியிருந்தாய். ஒரு பிழைகூட இல்லை.

நீ இன்னும் ஓட்டுகிறாயா இல்லையா என்று அதில் இல்லை. இரண்டு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி ஆனால் என் கை தட்டச்சை நிறுத்திவிடும். நீ கிளம்பும் நேரம். நேற்று மாடிப்படியில் நின்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். "அந்த வேனை ஓட்டுபவருக்கு இடது பக்கம் சரியாகத் தெரியவில்லை, அவரை ஓட்ட விடாதீர்கள்." எடுத்தவர் கேட்காரர். எழுதியதை அப்படியே படித்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார், "யாரும்மா நீங்க? அவங்க ஆறாம் தேதியே சாவியைக் கொண்டாந்து மேஜையில வெச்சிட்டாங்களே. எனக்கு ஓரம் தெரியல, இனி வண்டியைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அழக்கூட இல்ல."

தங்கை என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ அந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நிறுத்திவிட்டாய். நான் உன்னைப் பற்றி உன் முதுகுக்குப் பின்னால் புகார் சொல்லப் போனேன். வாழ்நாளில் முதல் முறையாக நான் தைரியமாகப் பேசியது அதற்குத்தான்.

மருத்துவமனைக்குப் போனாயா என்று மட்டும் சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தங்கை


மார்ச் 12

ஊமைக்கோட்டானுக்கு,

கேட்காரர் வந்து சொன்னார், "யாரோ ஒரு பொண்ணு, புத்தகம் படிக்கிற மாதிரி போன்ல பேசிச்சு"ன்னு. உலகத்துல அப்படிப் பேசற பொண்ணு ஒருத்திதான் இருக்கா.

கோபம் போயிடுச்சான்னு கேக்காதே. காலையில இல்லாத மாதிரி இருக்கும், டம்ளரைத் தட்டிவிட்டதும் வந்துடும்.

போயிட்டு வந்தேன். ஒரு பரீட்சை வெச்சாங்க. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள முகத்தை வெச்சுக்கணும், ஒரு கண்ணை மூடிடுவாங்க. நேரே பார்த்துக்கிட்டே இருக்கணும். அங்கங்கே சின்னப் புள்ளியா வெளிச்சம் வரும். வந்தா கையில இருக்குற பட்டனை அமுக்கணும். வலது கண்ணுக்கு டக்கு டக்குன்னு அமுக்கினேன், கிளாஸ்ல முதல் மாணவி மாதிரி. இடது கண்ணுக்கு மாத்தினாங்க. ரெண்டு மூணு புள்ளி வந்துச்சு. அப்புறம் ஒண்ணையும் காணோம். ரொம்ப நேரம் காத்திருந்தேன். மெஷின் நின்னு போச்சு போலன்னு நினைச்சு, "அம்மா, மெஷின் நின்னுடுச்சு"ன்னு சொன்னேன். பக்கத்துல இருந்த பொண்ணு மெதுவா, "இல்லக்கா, ஓடிக்கிட்டுதான் இருக்கு"ன்னா.

அப்பத்தான் நான் அழுதேன். வேன் சாவி கொடுத்தப்போ இல்ல.

போனது போனதுதானாம். இருக்குறதைக் காப்பாத்தலாம்னாங்க. வலது கண்ணு இன்னும் பெரிசா கெடல. தினம் மருந்து போட்டு, தேதி தவறாம வந்தா, சாகுற வரைக்கும் உங்க முகத்தையெல்லாம் பார்க்கலாமாம்.

இப்ப வேன்லயே பின்னாடி பிள்ளைகளைப் பார்த்துக்குற வேலை கொடுத்திருக்காங்க. புது டிரைவர் பிரேக்கை எட்டி உதைக்கிறான். "ஏன்" என் மடியில உக்காந்துக்கிட்டு, "வேன் அக்கா, நீங்க ஏன் ஓட்டல?"ன்னா. கண்ணுல கொஞ்சம் இருட்டுன்னேன். "ஏன் டாக்டர்கிட்ட போகல?"ன்னா. பதினாலு பிள்ளைகளும் என் வாயையே பார்த்துச்சு.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன். வேன் காகிதத்துல அந்த அட்டையைத் தேடி எடுத்தேன். "மூன்று மாதம் கழித்து வரவும்"னு தமிழ்லயே முத்திரை குத்தியிருக்கு. பக்கத்துல தேதியும் இருக்கு. இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியாது, தேதி தெரியாதா? வேன்ல பதினோரு வருஷமா இன்ஷூரன்ஸ் தேதி, டயர் மாத்துற தேதி எல்லாம் நான்தான் பார்க்குறேன். அந்தத் தேதி வந்தப்போ அட்டையை எடுத்துப் பார்த்தேன். பார்த்துட்டு உள்ளே வெச்சேன். தங்கச்சிதான் தொந்தரவு இருந்தா மட்டும் போனாப் போதும்னு சொன்னாளேன்னு. போனா கண்ணு சரியில்லைன்னு எழுதிடுவாங்களோ, வேலை போயிடுமோன்னு ஒரு பயம். நீ சொன்ன பொய் எனக்கு வசதியா இருந்துச்சுடி. வசதியான பொய்யை யாரும் ரெண்டாம் தடவை கேட்டுப் பார்க்க மாட்டாங்க.

இதைச் சொல்லி உன்னை விட்டுடலாம்னு இல்ல. உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு.

28ஆம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. பரீட்சை முடிவை டாக்டரம்மா விளக்குவாங்க. கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரணுமாம். வா.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேருந்தில் இடம் கிடைத்தது. அம்மா கட்டிக் கொடுத்ததை வழியிலேயே சாப்பிட்டேன்.

இதையெல்லாம் எழுதக் கடிதம் வேண்டியதில்லை. அந்த அறையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். திரும்பி வரும் வழியிலும் நாம் அதைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டரம்மா நல்லவர். தமிழில்தான் பேசினார். உன்னைப் பார்த்துத்தான் பேசினார். பழைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்றரை வருஷம் முன்னாலயே கண்டுபிடிச்சிருக்காங்களேம்மா. அப்ப இடது கண்ணுல பாதிக்கு மேல நல்லா இருந்திருக்கும். மருந்தை ஏன் நிறுத்தினீங்க? யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீ, "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் நிறுத்திட்டேன். புத்தியில்லாம" என்றாய். அவர் உன்னைத் திட்டினார். "படிக்காதவங்க மாதிரி இப்படிச் செய்யலாமா? வீட்டுல படிச்ச பொண்ணு இருக்கு, அதைக் கேட்டிருக்கலாமில்ல?" நீ தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் டாக்டர்" என்றாய்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து, "இனிமே நீங்கதான் அக்காவைப் பார்த்துக்கணும்" என்றபோது, தலையை ஆட்டினேன். "ம்" என்றேன்.

இரண்டாவது முறை, அக்கா. முதல் முறை எனக்குப் புரியவில்லை. இந்த முறை எல்லாம் புரிந்தது. புரிந்தும் நான் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

நீ எனக்காகத்தான் அப்படிச் சொன்னாய் என்று தெரியும். நீ என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு குன்றிப் போயிருக்க மாட்டேன்.

அடுத்த தேதி ஜூன் 27. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு உள்ளே போனதும், அவர் கேட்காவிட்டாலும், நடந்ததைச் சொல்லிவிடுவேன்.

தங்கை


ஏப்ரல் 11

ஊமைக்கோட்டானுக்கு,

நீ சொல்லவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

அந்த டாக்டரம்மா ஒரு ஆளுக்கு ஏழு நிமிஷம் பார்க்குறாங்க. வெளியே உக்காந்து எண்ணியிருக்கேன். அதுல அஞ்சு நிமிஷம் உன் வெக்கத்தைச் சொல்லி அழுதேன்னா, என் கண்ணைப் பார்க்க ரெண்டு நிமிஷந்தான் இருக்கும். உன் வெக்கம் உனக்குப் பெரிசு, எனக்கு என் வலது கண்ணு பெரிசு. அதை வராந்தாவுல என்கிட்ட சொல்லு, எத்தனை தடவை வேணாலும் கேட்டுக்கிறேன். உள்ளே போனா வேற வேலை இருக்கு உனக்கு.

என்ன கேக்கணும்னு நான் எழுதி வெச்சிருக்கேன். காலைச் சொட்டுக்கும் ராத்திரிச் சொட்டுக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி இருக்கணும். ஒரு வேளை சொட்டை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா போடலாமா. அழுத்தம் போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு. இது நம்ம ரத்தத்துல வருமாமே, அப்ப உன் கண்ணையும் அம்மா கண்ணையும் எப்ப காட்டணும். ஒவ்வொண்ணையும் நீதான் கேக்கணும். அவங்க சொல்றது புரியலைன்னா, புரியலைன்னு சொல்லு. ரெண்டாவது தடவையும் புரியலைன்னா, ரெண்டாவது தடவையும் சொல்லு. எவ இருமுனாலும் இருமட்டும்.

தேதியை வேன் டயர் மாத்துற தேதிக்குப் பக்கத்துல கதவுல எழுதி ஒட்டிட்டேன். "ஏன்"கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அவ விடமாட்டா. ஜூன் 26 சாயங்காலமே ஆரம்பிச்சிடுவா.

போன தடவை ஆஸ்பத்திரிப் படியில என் இடது பக்கமா நின்னு கையைப் பிடிச்சே. நல்லதுதான். ஆனா அந்தப் பக்கம் நீ நிக்கிறது எனக்குத் தெரியலடி. கை மட்டும் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்துச்சு, திடுக்குனு ஆயிடுச்சு.

அதனால ஜூன் 27 அன்னைக்கு, நடக்கும்போது பேசிக்கிட்டே வா.

அக்கா